பனியில் கிடந்த நீல நிழல்

இன்று காலை, லண்டன் டேட் கலைக்கூடத்தின் இணையதளத்தில் 'ஐவி காட்டேஜ், கோல்ட்ஹார்பர்: வெயிலும் பனியும்' என்ற ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வெண்பனியின் மேல் கிடந்த நிழலில் கறுப்பே தென்படாததைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீலமும் ஊதாவும் சிறு சிறு தீற்றல்களாகச் சேர்ந்து நிழலாகியிருக்கின்றன.

1916-இல் இதை வரைந்த லூசியன் பிஸ்ஸாரோ, கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியப் பாணியின் மேதை காமீல் பிஸ்ஸாரோவின் தலைமகன். 1890-இல் இங்கிலாந்தில் குடியேறிய அவருக்குத் தந்தை எழுதிய கடிதங்கள் நூலாகிப் புகழ்பெற்றன. ஆனால் அக்கடிதங்களைப் பிரித்துப் படித்த கைகள் தீட்டிய ஓவியங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

தந்தையும் பனியை நிறைய வரைந்தவர்தான்.

எனினும், இங்கிலாந்தின் சர்ரே பகுதிக் கிராமமான கோல்ட்ஹார்பரின் இந்த மெலிந்த குளிர்கால வெயில் மகன் தன் கண்ணால் கண்டது. மாலையில் மறுபடியும் திறந்து, அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.