அடுக்கி வைத்ததுதான் தப்பு

தேசிய ஆவணக் காப்பகத்தில் நான் சேர்ந்த இரண்டாவது மாதம், ஓர் அமைச்சகத்திலிருந்து வந்த பழைய கட்டு ஒன்றைப் பிரித்துப் பட்டியல் போடச் சொன்னார்கள். அணைத் திட்டம் ஒன்றைப் பற்றிய கடிதங்கள். பிரித்ததுமே தலை சுற்றியது. தேதி வரிசை என்ற பேச்சே இல்லை. மூன்று வருடம் பழைய கடிதம் ஒன்று புதிய கடிதங்களுக்கு நடுவே கிடந்தது, அதன் அடியில் யாரோ கிறுக்கிய துண்டுச் சீட்டு. இரண்டு நாள் உட்கார்ந்து, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கினேன். பாராட்டு கிடைக்கும் என்றுதான் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "முன்னாடி எப்படி இருந்தது?"

எனக்கு நினைவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பழைய கடிதத்தை எடுத்து, "இது இடம் மாறிக் கிடந்தது என்று நினைத்தாயா? முடிவெடுத்த அதிகாரி தேடி எடுத்துச் சொருகியதாகவும் இருக்கலாமே" என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது வேறொரு நகலில்கூடக் கிடைத்துவிடும். கையெழுத்துப் போடும் முன் அதை அந்த அதிகாரி பார்த்தாரா என்பதற்கு, அது இருந்த இடம்தான் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நான் கலைத்திருந்தேன்.

இது எங்கள் பிரிவின் வீம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 1841-இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் விட்ட சுற்றறிக்கையே ஓர் அலுவலகத்தின் ஆவணங்களை இன்னோர் அலுவலகத்தின் ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 1898-இல் நெதர்லாந்தின் ஆவணக் காப்பாளர்கள் மூவர் எழுதிய கையேடு இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அலுவலகம் எப்படி இயங்கியதோ அந்த அமைப்பையே அடுக்குமுறைக்கு அடிப்படையாக வைத்தது. நூலகப் புத்தகம் தனியாக நிற்கும். கோப்பில் உள்ள தாளுக்குப் பக்கத்துத் தாள் வேண்டும்.

சரி, கலைத்ததை எப்படிச் சேர்ப்பது? குண்டூசிகள் போய்விட்டாலும் அவை விட்ட துருக்கறை தாளில் இருந்தது. ஒரு தாளின் கறை அடுத்த தாளின் கறையோடு பொருந்துகிறதா, மடிப்பு ஒத்துப்போகிறதா, எதிர்ப் பக்கத்தில் மையின் நிழல் படிந்திருக்கிறதா என்று தலைவியும் நானும் ஒரு வாரம் பார்த்தோம். பெரும்பாலானவை திரும்பி வந்தன. பதினொரு தாள்களுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

அப்புறம் சில காலம் செப்பனிடும் பிரிவில் இருந்தேன். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் பாடமே, செய்ததைப் பின்னால் வருகிறவர் பிரிக்க முடிய வேண்டும் என்பதுதான். மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் அதற்காகத்தான்: ஈரம் பட்டால் கழன்றுவிடும். கந்தல் துணியில் செய்த முந்நூறு வருடத் தாள் இன்னும் வளைத்தால் வளைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த மரக்கூழ்த் தாளோ தன் அமிலத்தாலேயே அப்பளமாக நொறுங்குகிறது. பழைய இரும்பு மை எழுத்து இருந்த இடத்தையே அரித்துத் துளை போட்டுவிடும். இதையெல்லாம் காப்பாற்றுகிறோம் என்று நல்லெண்ணத்தோடு, 20-ஆம் நூற்றாண்டில் பல காப்பகங்கள் தாள்களுக்கு செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டின. இப்போது அந்தப் படலத்தைக் கழற்றுவதே தனி வேலை. அதைக் கேட்டபோது, என் இரண்டு நாள் அடுக்கு வேலை கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக் கை வைக்கத் தயங்கும் அதே தலைவி, கழிப்பதில் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கணக்கில், அந்நாட்டு மத்திய அரசு உருவாக்கும் ஆவணங்களில் 1 முதல் 3 சதவீதம்தான் நிரந்தரமாக வைக்கத் தக்கவை. விடுப்பு விண்ணப்பம், பில், மூன்றாவது நகல் எல்லாம் காப்புக் கால அட்டவணைப்படி நாள் முடிந்ததும் போய்விட வேண்டும். ஆனால் எதை, எந்த உத்தரவின் பேரில் கழித்தோம் என்ற பட்டியலை மட்டும் அழிக்க விடமாட்டார்.

இப்போது வருவதெல்லாம் ஹார்ட் டிஸ்க். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், போன மாதம் ஒரு ஃபோல்டரைத் தன் கணினிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தான். ஃபைல்கள் உருவான தேதி எல்லாம் அன்றைய தேதியாகக் காட்டின. நல்லவேளை, மூலம் அப்படியே இருந்தது. மூல டிஸ்க்கில் எதுவும் பதிவாகாமல் தடுக்கும் கருவி வழியாகத்தான் நகல் எடுக்க வேண்டும், முதலில் ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் எண், அதாவது உள்ளே ஏதாவது மாறினால் காட்டிக்கொடுக்கும் எண், எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "ஃபைலுக்குள்ளே ஒன்றும் மாறவில்லையே சார்" என்றான்.

அவனை அடுக்கறைக்கு அழைத்துப் போய் அந்த அணைக் கட்டை எடுத்துக் காட்டினேன். கடைசியில் தனி உறை ஒன்று இருக்கிறது, உள்ளே பதினொரு தாள்கள். மேலே பென்சிலில் எழுதிய சீட்டு: "இவற்றின் மூல இடம் தெரியவில்லை. பட்டியலிடும்போது கலைந்தவை." கீழே தேதியும் என் கையெழுத்தும். சீட்டை எழுதச் சொன்னது தலைவிதான், ஏனென்றால் இப்போது அதுவும் அந்தக் கோப்பின் வரலாறு.