கங்காணி இல்லாத தோட்டம்

"உனக்கு நீயே முதலாளி" என்று சொல்லித்தான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் உணவு டெலிவரிக்கு ஆள் சேர்க்கிறார்கள். பைக், பெட்ரோல், டயர் எல்லாம் ரைடர் தலையில். எந்த ஆர்டர் யாருக்கு, என்ன விலைக்கு என்பது மட்டும் ஆப் கையில்.

புதுசு ஒன்றும் இல்லை. துண்டுக்கூலி பற்றி மார்க்ஸ் 1867-லேயே எழுதிவிட்டார்: உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கட்டினால் மேற்பார்வைக்குப் பெரும்பாலும் அவசியமே இருக்காது, ஆள் தன்னைத்தானே விரட்டிக்கொள்வான். நம் மலேசிய ரப்பர் தோட்டங்களில் பாலை எடைபோட்டு, தண்ணீர் போக உலர் ரப்பர் எவ்வளவு என்று (சுமார் மூன்றில் ஒரு பங்கு) பார்த்துக் கணக்கெழுதினார்களே, அந்த முறைதான். ஆனால் தோட்டத்தில் மழை பெய்தால் பாலுக்கு மரம் சீவ முடியாது, வேலை நின்றுவிடும். டெலிவரியில் மழைக்குத்தான் ஆர்டர் கூடும். ஜாலான் ஈப்போவில் வழுக்குகிற ரோட்டில் ஓட்டத்தான் கூடுதல் காசு!

வருமானக் கணக்கில் பலர் கோட்டை விடுவது காத்திருக்கும் நேரத்தை. ஒரு வாரம் வந்த பணத்தில் பெட்ரோல், டேட்டா, சர்வீஸ், டயர், செயின் தேய்மானம் எல்லாம் கழியுங்கள். மீதியை ஆப் ஆனில் இருந்த மொத்த மணிநேரத்தால் வகுங்கள், ஓட்டிய மணிநேரத்தால் அல்ல. 2025-இன் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், அதாவது மணிக்கு 8.17. அந்தச் சம்பளக்காரருக்கு முதலாளி தனியாக 13% இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) கட்டுகிறார், அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் (இந்த ரைடர்கள் மாதிரி ஆப் வழி வேலை செய்பவர்கள்) சட்டம் தகராறுகளுக்கு நடுவர் மன்றம் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். 1955 வேலைச் சட்டம் தரும் வருடாந்திர விடுப்பும் ஓவர்டைமும் அதில் வரவில்லை.