கூத்தனூர் அம்பாளுக்கு ஒரு வெள்ளைப் புடவை

இது அம்மாவின் வேண்டுதல். நான் தளை தட்டாமல், அதாவது யாப்பு பிசகாமல், ஒரு வெண்பா எழுதிவிட்டால் கூத்தனூர் சரஸ்வதிக்கு வெள்ளைப் புடவை சாத்துவதாக எப்போதோ நேர்ந்துகொண்டாளாம். பெரியப்பா என் வெண்பாவைப் படித்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் என்னிடமே சொன்னாள். போவதுதான் போகிறோம், சரஸ்வதி பூஜையன்று அம்பாள் பாதத்தில் நம் கையாலேயே பூ இடும் பாத தரிசனத்துக்கே போய்விடலாம் என்று மயிலாடுதுறையில் ரயிலேறினோம்.

கூத்தனூருக்கு இறங்க வேண்டிய பூந்தோட்டம் ஸ்டேஷன் வரும்வரை அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே வாக்குவாதம். "அம்பாள் போட்ட பிச்சை" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "அப்போ நான் சிவப்பு மசியில் அடித்துத் தள்ளிய நோட்டெல்லாம் யார் போட்ட பிச்சை?"

அம்மா சோழர் காலத்துப் புலவர் ஒட்டக்கூத்தரைத் துணைக்கு இழுத்தாள். அந்த ஊரே அவர் பேரில் உள்ளது, அம்பாள் தன் தாம்பூலத்தைக் கொடுத்துத்தானே அவர் கவி ஆனார், திருவானைக்காவில் காளமேகப் புலவருக்கும் அதே தாம்பூலம்தானே என்றாள். "தாம்பூலம் வாங்கியவர் சும்மா இருந்தாரா? மூன்று சோழர்கள் பவனி வருவதை உலாவாகப் பாடினார். ஒவ்வொன்றிலும் ஈரடிக் கண்ணி முந்நூறுக்கு மேல். எதுகை தேடித் தேடி மண்டை காய்ந்திருக்கும்" என்ற பெரியப்பா, 'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்று ஔவையாரையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

"குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசவில்லை. திருச்செந்தூர் முருகன்தான் பேச வைத்தான். பழக்குவதற்கு முதலில் நாக்கு வேண்டாமா?" என்றாள் அம்மா. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோயில் வாசலில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பேனாவும் நோட்டும் வைத்த தட்டைக் கையில் திணிக்காத குறையாக விற்கிறார்கள். "தனி வழியில் கூட்டிப் போகிறேன்" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். படிப்பைக் கொடுக்கும் தாயாரைப் பார்க்கக் குறுக்குவழியா! வரிசையோ நகரவே இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, அவளை மண்டபத்து ஓரமாக உட்கார வைத்தோம். புடவையை நான்தான் சுமந்தேன்.

பாதத்தருகே போனதும் என் வெண்பாவைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே வந்தேன். வெள்ளைப் புடவையில் அம்பாள், முன்னால் நீட்டி வைத்த பாதம், அதன்மேல் குவிந்த பூ. என் கையாலேயே பூவை இட்டேன். அந்த நேரத்தில் முதல் சீர்கூட நினைவுக்கு வரவில்லை. பின்னால் இடிக்கிறார்கள், யாரோ "நகருங்கம்மா" என்கிறார்கள். என் வாயோ தானாக, "வெண்டாமரைக்கு அன்றி நின்பதம் தாங்க என் வெள்ளை உள்ளத் தண்டாமரைக்குத் தகாதுகொலோ" என்று குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையைப் பாடத் தொடங்கிவிட்டது. சின்ன வயதில் விளக்கேற்றியதும் அம்மா சொல்லச் சொல்ல, தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்த பாட்டு. எத்தனையோ முறை சொல்லியும் அது பாதத்தைப் பற்றிய பாட்டு என்று அந்தப் பாதத்தில் கை வைத்தபோதுதான் உறைத்தது. பழக்கம்தான் பாடியதா, அவள்தான் பாட வைத்தாளா, யாருக்குத் தெரியும்? கண்ணில் நீர் முட்டி, அப்புறம் அலங்காரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. தாயே, என் பாட்டைப் பிடுங்கிக்கொண்டு உன் பிள்ளையின் பாட்டை என் நாக்கில் வைத்தாயே, இந்தக் கருணைக்கு நான் என்ன செய்தேன்! எதை எழுதினாலும் உன் காலடியில்தான் முதலில் வைப்பேன்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். "நான் சொல்லலை?" என்றாள் அம்மா. "தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கியது நீதானே?" என்றார் பெரியப்பா, விடாமல். மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். பிரசாதத்தைக் கையில் வாங்கியபடியே பெரியப்பா எனக்கு அடுத்த வேலையையும் கொடுத்தார்: சகலகலாவல்லி மாலை கட்டளைக் கலித்துறை, அதே யாப்பில் அம்பாள்மேல் ஒரு பாட்டு எழுத வேண்டும். அம்மா அதற்குள் இன்னொரு புடவை நேர்ந்துகொண்டாள்.