பெங்களூரு மக்கள் தொடர்பாளர் சங்கத்தில் சேர்ந்தது முதல் நிர்வாகக் குழு வரை

பெங்களூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலராகப் பணியாற்றுகிறேன். இந்நகரில் இயங்கும் மக்கள் தொடர்பாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்து, அதன் நிகழ்ச்சிக் குழுவில் வேலை செய்து, இப்போது நிர்வாகக் குழுவில் இணைச் செயலாளராக இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ள மக்கள் தொடர்பு ஏஜென்சிகளிலும் நிறுவனங்களிலும் வேலைக்குச் சேரும் இளையவர்கள், இத்தகைய சங்கத்தில் எப்படிச் சேர்வது, சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, நடந்ததை ஒரே இடத்தில் எழுதிவைப்பது பயன்படும் என்று கருதுகிறேன்.

ஒரு மருத்துவமனையில் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அடுத்த அறையில் இன்னொரு மருத்துவர் இருக்கிறார். கணக்கருக்குக் கணக்கர் இருக்கிறார். மக்கள் தொடர்பு அலுவலர் பெரும்பாலும் தனி ஆள். நிருபர் ஒருவர் இரவில் அழைத்து, சிகிச்சையில் இருக்கும் பிரபலத்தின் உடல்நிலையைக் கேட்டால் எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நிர்வாகியிடம் கேட்டால் அவர் நிறுவனத்தின் நலனைச் சொல்வார். சட்ட ஆலோசகரிடம் கேட்டால் எதையும் சொல்லாதே என்பார். இந்தத் தொழிலையே செய்கிற, ஆனால் நம் நிறுவனத்தில் சம்பளம் வாங்காத ஒருவரின் கருத்து எனக்குத் தேவைப்பட்டது. சங்கத்தைத் தேடிப் போனதற்கு அதுவே முதற்காரணம்.

இந்தியாவில் வழக்கறிஞருக்கும் பட்டயக் கணக்காளருக்கும் உள்ளதுபோல் மக்கள் தொடர்புத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம் என்பதால், தொழிலின் தரத்தையும் ஒழுக்கத்தையும் பேசுகிற பொறுப்பு சங்கங்களின் மீதே விழுகிறது. 1958-இல் தொடங்கி 1966-இல் பதிவு பெற்ற இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் இவற்றுள் மூத்தது. அதன் முதல் அகில இந்திய மாநாடு 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் நடந்தபோது, ஏதென்ஸ் நெறிமுறை எனப்படும் பன்னாட்டுத் தொழில் ஒழுக்க விதிகளை ஏற்றுக்கொண்டது. அந்த நாளையே தேசிய மக்கள் தொடர்பு தினமாக 1986 முதல் கொண்டாடி வருகிறார்கள். ஏஜென்சிகளுக்கென ஓர் அமைப்பு 2001-இல் உருவானது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மக்கள் தொடர்புக் கவுன்சில் 2004-இல் தொடங்கியது. நான் சேர்ந்தது இவற்றைவிடச் சிறிய, நகர அளவிலான சங்கம். அதன் விதிகளும் இதே நெறிமுறையைப் பின்பற்றி எழுதப்பட்டவையே.

சேர்வதற்கு விண்ணப்பத்துடன் முன்மொழிய ஓர் உறுப்பினரும் வழிமொழிய இன்னொருவரும் வேண்டும். எனக்கோ அங்கே ஒருவரையும் தெரியாது. உறுப்பினர் அல்லாதவர்களையும் அனுமதிக்கும் மாதக் கூட்டம் ஒன்றிற்குப் போய், முடிந்ததும் செயலாளரிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் மக்கள் தொடர்பு மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். “வாங்கம்மா, ஆஸ்பத்திரித் துறையிலிருந்து ஒருத்தர்கூட இல்லையேன்னு பார்த்துக்கிட்டிருந்தோம்” என்று சொல்லி, அங்கேயே இருவரிடம் அறிமுகம் செய்துவைத்தார். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இந்நகரில் எழுந்த காலத்தில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தத் தலைமுறையிலிருந்து வந்து தொழிற்சாலை இதழ்களை நடத்தியவர்கள், வேலைநிறுத்தக் காலங்களில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே நின்று அறிக்கை எழுதியவர்கள் இன்றும் சங்கக் கூட்டங்களுக்கு வருகிறார்கள். அவர்களிடம் அமர்ந்து கேட்பதற்கே சந்தா கொடுக்கலாம்.

உறுப்பினர் வகையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிறுவன உறுப்பினராகச் சேர்ந்தால் கட்டணத்தை அலுவலகம் செலுத்தும். ஆனால் வேலை மாறினால் அந்த இடம் நம்முடன் வராது. நான் தனிநபர் உறுப்பினராகவே சேர்ந்தேன். இளையவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மாதக் கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில உரைகள் சிறப்பாக இருக்கும், சில பொதுவாக இருக்கும், எல்லாவற்றின் முடிவிலும் விசிட்டிங் கார்டுகள் கைமாறும். கார்டு கொடுத்து வாங்குவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பது என் அனுபவம். நிகழ்ச்சிக் குழுவில் ஒரு பொறுப்பை ஏற்றபோதுதான் நிலைமை மாறியது. பேச்சாளர்களை அழைப்பது, அரங்கம் பிடிப்பது, கன்னட நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களை ஒரு கலந்துரையாடலுக்கு வரவழைப்பது ஆகியவை என் வேலையாக இருந்தன. மருத்துவமனையின் பெயரில் அழைத்திருந்தால் சில நொடிகளில் பேச்சை முடித்திருக்கக்கூடியவர்கள், சங்கத்தின் பெயரில் அழைத்ததால் நிதானமாகப் பேசினார்கள். எத்தனை மணிக்குப் பிறகு வரும் செய்திக் குறிப்பு மாவட்டப் பதிப்புகளில் இடம்பெறாது, ஆங்கிலக் குறிப்பை மட்டும் அனுப்பினால் கன்னட டெஸ்க்கில் அதற்கு என்ன ஆகிறது, மருத்துவச் செய்தியில் அவர்கள் எதை நம்புவதில்லை என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டேன். அதன் பிறகு எங்கள் குறிப்புகளைக் கன்னடத்திலேயே எழுதக்கூடிய ஒருவரை நிர்வாகத்தின் ஒப்புதலோடு அமர்த்திக்கொண்டோம்.

சங்கம் நடத்தும் செயல்பாடுகளில் மிகவும் மதிப்பு வாய்ந்தது நெருக்கடிக்கால மாதிரிப் பயிற்சி என்பேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் நடந்த அந்தப் பயிற்சியில், இரவு நேரத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் புகை கிளம்புவதாகக் கற்பனை செய்துகொண்டோம். வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவினர் மருத்துவமனையின் தொடர்புக் குழு, ஒரு பிரிவினர் நிருபர்கள், ஒரு பிரிவினர் நோயாளிகளின் உறவினர்கள். நான் உறவினர்கள் பக்கம் அமர்த்தப்பட்டேன். நிருபர்களுக்குத் தனி எண், தனி அறை, மணிக்கொருமுறை தகவல் என்று எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தபோது, “எங்க அம்மா எந்த வார்டுக்கு மாத்தப்பட்டாங்க, யாரைக் கேக்கறது?” என்ற எங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. வாசலில் நிற்கும் காவலாளியிடமும் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடமும்தான் முதற்கேள்விகள் வரும் என்பதும், அவர்களுக்குத்தான் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதும் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் உறைத்தது.

பயிற்சியை நடத்திய மூத்தவர், 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி மருந்தில் சயனைடு கலக்கப்பட்டு ஏழு பேர் இறந்த நிகழ்வை எடுத்துப் பேசினார். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அப்போது ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது எங்கள் துறையில் எல்லாரும் படிக்கும் பாடம். அவர் அழுத்திச் சொன்னது வேறு: மருந்தைத் திரும்பப் பெறும் முடிவு இல்லாமல் எவ்வளவு அழகாக அறிக்கை எழுதியிருந்தாலும் அந்த நிறுவனத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்; ஆகவே முடிவெடுக்கும் மேசையில் நமக்கும் நாற்காலி கேட்க வேண்டும். திங்கட்கிழமை நான் மருத்துவமனைக்குத் திரும்பி, எங்கள் அவசரக்காலத் திட்டத்தில் உறவினர்களுக்கான உதவி மேசையைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, உருது ஆகியவற்றில் பேசக்கூடியவர்களின் பெயர்கள் ஒவ்வொரு பணிமுறைக்கும் அதில் இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது.

இனி, சங்கத்தால் எனக்குக் கிடைத்த உதவிகளிலேயே பெரிதாக நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழந்தைக்கு அரிதான அறுவை சிகிச்சை ஒன்று எங்கள் மருத்துவமனையில் வெற்றிகரமாக முடிந்தது. குழந்தையையும் பெற்றோரையும் வைத்துப் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்த வேண்டும் என்ற விருப்பம் பல பக்கங்களிலிருந்தும் எழுந்தது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் கோப்பில் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று நிர்வாகத்திடம் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மாலையில் சங்கத்தின் அந்த மூத்த செயலாளரை அழைத்து, பெயர்கள் எதையும் சொல்லாமல் நிலைமையை விளக்கினேன். “அவங்க எப்போ கையெழுத்துப் போட்டாங்க, ஆபரேஷனுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டார். குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தபோது, மற்ற படிவங்களோடு சேர்த்து, என்றேன். “குழந்தை உயிர் நம்ம கையில இருக்கறப்ப வாங்கின கையெழுத்தை வச்சு விளம்பரம் பண்ணலாமாம்மா?” என்றார்.

அவர் சொன்னதை வைத்து நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். நோயாளியின் அடையாளம் தெரியும்படியான படத்தையோ விவரத்தையோ அனுமதியின்றி மருத்துவர் வெளியிடக் கூடாது என்றும், விளம்பரத்தின் மூலம் நோயாளிகளைத் திரட்டக் கூடாது என்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. ஏதென்ஸ் நெறிமுறையோ உலக மனித உரிமைப் பிரகடனத்தையே தன் அடிப்படையாகக் கொண்டு மனித மாண்பை முன்னிறுத்துகிறது. இவற்றைச் சுட்டி, குழந்தை வீடு திரும்பிய பிறகு பெற்றோரிடம் புதிதாகக் கேட்கலாம், மறுத்தால் அத்துடன் விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தேன். நிர்வாகம் ஏற்றது. பெற்றோர் பின்னர், படமும் ஊர்ப்பெயரும் இல்லாமல் செய்தி வருவதற்குச் சம்மதித்தார்கள். அப்படியே வந்தது. நிறுவனத்துக்குள் தனியாக நின்று “வேண்டாம்” என்று சொல்வதற்கும், தொழிலின் எழுதப்பட்ட நெறியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை அன்று உணர்ந்தேன்.

விருதுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சங்கம் ஆண்டுதோறும் சிறந்த இதழ், சிறந்த பிரசாரம் ஆகியவற்றுக்குப் பரிசளிக்கிறது. எங்கள் கோடைக்கால இரத்ததான இயக்கத்தை நான் அனுப்பினேன். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருப்பதால் பெங்களூரில் முகாம்கள் குறைந்து இரத்த வங்கிகளில் இருப்பு வற்றும். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது, தட்டணுக்களுக்கோ 5 நாள்தான் ஆயுள். விண்ணப்பப் படிவம், செய்தி எத்தனை அங்குலம் வந்தது, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. மக்கள் தொடர்புப் பணியின் பயனை எப்படி அளப்பது என்பதற்காக 2010-இல் உருவான பார்சிலோனா கோட்பாடுகள் விளம்பர மதிப்பை அளவுகோலாக ஏற்காததால், நடுவர்களும் அதை ஏற்பதில்லை. யாருடைய நடத்தை மாறியது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதே கேள்வி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம் என்பதால், மே மாதத்தில் கொடுத்தவர்களில் எத்தனை பேர் டெங்கு பரவும் மழைக்காலத்தில் மீண்டும் வந்தார்கள் என்பதை இரத்த வங்கிப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பரிசு வேறொரு நிறுவனத்துக்குப் போனது. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பியதால் உண்டான கணக்கெடுப்பு முறையை இன்றும் ஒவ்வோர் இயக்கத்துக்கும் பின்பற்றுகிறோம்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, பல பணியிடங்கள் வெளியில் அறிவிக்கப்படும் முன்பே உறுப்பினர்களிடையே பேச்சாக வந்துவிடுகின்றன. குழுவில் கூடவே வேலை செய்து, சொன்ன நேரத்தில் சொன்னதை முடிப்பவரின் பெயரைத்தான் மற்றவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மாணவர் பிரிவுக்கு வழிகாட்டியாக இருந்தபோது, செய்திக் குறிப்பு எழுதப் பழகிய தமிழ் மாணவி ஒருவரை ஓர் ஏஜென்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் க்ளையண்டுகள் இருந்ததால் இரு மொழியும் அறிந்த அவரை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு வந்த வழி எளிது. சங்கம் 1960-ஆம் ஆண்டின் கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றது. எனவே ஆண்டுப் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைத்து, நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் எவரும் வேட்புமனு கொடுக்கலாம். குழுவில் என்னோடு வேலை செய்தவர்களே என் பெயரை முன்மொழிந்தார்கள். இணைச் செயலாளரின் வேலை பெரும்பாலும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் கடிதங்களுக்குப் பதிலளிப்பதும்தான். இருந்தாலும் எந்தத் தலைப்பில் பயிற்சி நடத்துவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இப்போது நானும் இருக்கிறேன்.

சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். முன்மொழிய ஆள் தெரியவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், வழிமொழிபவரையும் நான் அழைத்து வருகிறேன். அடுத்த மாதிரிப் பயிற்சியை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் திறந்துவைக்கக் குழுவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை மருத்துவமனைகளின் வரவேற்பு மேசை ஊழியர்களையும் காவலாளிகளையும் பங்கேற்பாளர்களாக அழைக்கிறோம். உங்கள் நிறுவனத்திலிருந்து அவர்களில் ஒருவரை உடன் அழைத்து வர முடிந்தால் நல்லது.