கிராமத்துப் பள்ளிக்கு ஸ்பானிஷ்: ஓர் ஆசிரியரைத் தயார்செய்த 12 வாரம்

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டப்படி 2014 செப்டம்பர் முதல் 7லிருந்து 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பிறமொழி கட்டாயம். எந்த மொழி என்பது பள்ளியின் விருப்பம். பெரிய பள்ளி என்றால் வாரத்தில் ஒரு நாள் மொழி ஆசிரியரை வரவழைத்துவிடலாம். அறுபது எழுபது பிள்ளைகள், மூன்று வகுப்பறை, தலைமையாசிரியரே பாதி நேரம் பாடம் எடுக்கிற கிராமத்துப் பள்ளியில் அதற்கெல்லாம் காசு இல்லை. இருக்கிற ஆசிரியரில் ஒருவரைத்தான் தயார்செய்ய வேண்டும். அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது என்று வைத்துக்கொண்டே தொடங்கினோம்.

முதல் வேலை மொழிப் பயிற்சியே அல்ல, ஒரு தொலைபேசி அழைப்பு. சுற்றுவட்டாரத்துச் சின்னப் பள்ளிகளின் பிள்ளைகள் 11 வயதில் ஒரே மேல்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். அங்கே ஸ்பானிஷ் இருக்கிறதா என்று கேட்காமல் இறங்கினால், நான்கு ஆண்டு உழைப்பு புதிய பள்ளியில் சேரும் செப்டம்பர் மாதம் பிரெஞ்சு வகுப்பில் போய்க் கரைந்துவிடும்.

அடுத்தது நேரம். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 5 பயிற்சி நாட்கள் உண்டு. அவை பிள்ளைகள் பாதுகாப்பு, வாசிப்பு, கணக்கு என்று முன்பே நிரம்பிவிடும். அதனால் பள்ளி விட்ட பிறகு வாரம் ஒரு 45 நிமிடம் என்று பிடித்தோம். மொத்தம் 9 மணி நேரம். அதோடு தினமும் காரில் வரும்போது 10 நிமிடம் கேட்பது.

இந்த 9 மணியை எதற்குச் செலவழிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நிறம், விலங்கு, பழம் என்று சொற்பட்டியலில் தொடங்குவார்கள். நாங்கள் முதல் நான்கு வாரத்தையும் ஒலிக்கே கொடுத்தோம். சொல் மறந்தால் அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் வாயில் கோணலாக வந்த ஒலி முப்பது பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்கவே முடியாது.

ஸ்பானிஷ் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. தமிழ் பேசுபவருக்கு இது ஒன்றுமேயில்லை. ஆங்கிலேயருக்கு இதுதான் மலை. ‘நோ’ என்பதை ‘நோவ்’ என்று இழுப்பார். ‘மஞானா’வில் முதல் அகரத்தையும் கடைசி அகரத்தையும் விழுங்கிவிடுவார். மெய்யில் ப, த, க மூன்றும் மூச்சுக் காற்று தள்ளாமல் வர வேண்டும், ‘பல்’, ‘தலை’, ‘கல்’ என்று நாம் சொல்வது போல. இதற்கு ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும்: உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பப்பா’ சொல்லுங்கள், காகிதம் ஆடக்கூடாது. ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், பழக இரண்டு வாரம் ஆகும். ‘பெரோ’ என்றால் ஆனால், ரகரத்தை உருட்டிச் சொன்னால் நாய். அந்த உருட்டல் வராவிட்டால் அதற்காக நிற்க வேண்டாம். பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஆசிரியருக்கு முன்பே வந்துவிடும்.

படிக்கும்போது வருவது வேறு வகைச் சிக்கல். பதினொன்றுக்கு ஸ்பானிஷில் ‘ஒன்சே’. எழுதினால் ஆங்கிலத்தின் ‘ஒன்ஸ்’ போலவே இருக்கும். பாதத்துக்கு ‘பியே’, எழுத்தில் அது ஆங்கிலத்தின் ‘பை’, தின்கிற பை. அட்டையைக் காட்டியதும் வகுப்பு சிரிக்கும், ஆசிரியரே தடுமாறுவார். ஆகவே முதலில் காதில், பிறகு வாயில், கடைசியில்தான் எழுத்தில். எழுத்தைக் காட்டுகிற நாளில், ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தருகிற அதே எழுத்து-ஒலி முறையைப் பயன்படுத்தச் சொன்னோம். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

ஞகரத்தைக் குறிக்கும் ஸ்பானிஷ் எழுத்தின் (ñ) தலையிலிருக்கும் அலைக்கோட்டைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். ‘தெங்கோ சியெத்தே அஞோஸ்’ என்றால் எனக்கு ஏழு வயது. கோட்டை விட்டுவிட்டால் எனக்கு ஏழு ஆசனவாய் என்று ஆகிவிடும். இதை வண்ணத்தாளில் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய வகுப்புகள் உண்டு. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 164 தட்டினால் அந்த எழுத்து வரும்; ஸ்பானிஷ் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் தலைகீழ்க் கேள்விக்குறிக்கு 168, தலைகீழ் வியப்புக்குறிக்கு 173. சின்ன மடிக்கணினிகளில் எண்பலகை இருக்காது. ஒரு கோப்பில் நான்கைந்து எழுத்தையும் வைத்து நகலெடுத்துக்கொள்வதே நல்லது.

ஐந்தாம் வாரத்திலிருந்து வகுப்பறைப் பேச்சு, சுமார் 30 வாக்கியம். இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும்: ஸ்பெயின் வழக்கா, லத்தீன் அமெரிக்க வழக்கா? எல்லோரையும் பார்த்து ‘கேளுங்கள்’ என்பது ஸ்பெயினில் ‘எஸ்குச்சாத்’, அந்தப் பக்கம் ‘எஸ்குச்சென்’. இரண்டும் சரி. ஆனால் கைப்பேசிச் செயலியில் ஒன்றும் பாடப் பொதியில் மற்றொன்றும் படித்துவிட்டு ஆசிரியர் கலந்தடிப்பார். பொதியில் எது இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளச் சொன்னோம். கட்டளைகளைவிட, பிள்ளைகள் சொல்ல வேண்டியவை முக்கியம்: ‘நோ எந்தியெந்தோ’, புரியவில்லை, ‘கோமோ செ தீசே’, எப்படிச் சொல்வது, ‘புவேதோ இர் அல் பாஞோ’, கழிப்பறைக்குப் போகலாமா. கடைசி வாக்கியம் மட்டும் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

ஒவ்வொரு வாரமும் ஆசிரியர் இரண்டு நிமிடக் குரல்பதிவு ஒன்று அனுப்புவார். நாங்கள் மூன்று திருத்தம் மட்டும் சொல்வோம். எட்டுப் பிழை இருந்தாலும் மூன்றுதான். எட்டையும் சொன்னால் அடுத்த வாரம் பதிவு வராது.

சின்னப் பள்ளிக்கே உரிய தலைவலி கலப்பு வகுப்பு. மூன்றாம் நான்காம் ஆண்டு ஓர் அறையில், ஐந்தும் ஆறும் இன்னோர் அறையில். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தினால் மூத்த பிள்ளை இரண்டாம் முறை ‘சிவப்பு, நீலம்’ கேட்டுக் கொட்டாவி விடும். எனவே இரண்டாண்டுச் சுழற்சி. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது: பாதிப் பிள்ளைகள் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில்தான் உள்ளே வருவார்கள். தலைப்பை மட்டும் மாற்றுங்கள். வாக்கியச் சட்டகம் இரண்டு ஆண்டிலும் அதுவேதான் இருக்க வேண்டும். என்னிடம் இருக்கிறது, எனக்குப் பிடிக்கும், ஓரிடத்தில் ஒன்று இருக்கிறது, எனக்கு வேண்டும்: தெங்கோ, மே குஸ்தா, ஆய், கியெரோ. சின்னவர் அட்டையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பொருத்துவார். பெரியவர் ‘போர்க்கே’ சேர்த்து ஏன் என்று சொல்வார். இந்த வினைச்சொற்கள் இல்லாமல் போன பள்ளிகளில் நான்கு ஆண்டு முடித்த பிள்ளைக்கு நாற்பது பெயர்ச்சொல் தெரியும், ஒரு வாக்கியம் தெரியாது.

பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வரும் ‘எல்’ (ஆண்பால்) அல்லது ‘லா’ (பெண்பால்) இல்லாமல் அட்டையில் எழுதவே கூடாது. பிறகு பால் சேர்த்துக் கற்பிப்பது இரட்டை வேலை. ‘மானோ’, அதாவது கை, ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். ‘தீயா’, நாள், ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால். கிழமை, மாதப் பெயர்களை ஸ்பானிஷில் பெரிய எழுத்தில் தொடங்குவதில்லை. ஆங்கிலப் பழக்கத்தில் கரும்பலகையில் தினமும் வருகிற பிழை இதுதான். கறுப்பு நிறத்துக்கான சொல் ‘நெக்ரோ’ ஆங்கிலத்தில் இழிசொல் போல இருக்கும்; அதனால் எகரத்தைச் சுத்தமாக ஒலித்துச் சொல்லிக்கொடுங்கள், பாடத்துக்கு முன்பே பெற்றோருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். வீட்டில் போய்ப் பிள்ளை சொல்லும்போது குழப்பம் வராது.

ஒன்பதாம் வாரத்திலிருந்து ஆசிரியர் வகுப்பில் பத்துப் பத்து நிமிடமாக நடத்தினார். வாரம் ஒருமுறை அரை மணி என்பதைவிட, தினமும் ஐந்து நிமிடம் அதிகம் ஒட்டுகிறது. வருகைப் பதிவுக்கு ‘அக்கீ’, அதாவது இங்கே, விளையாட்டு நேரத்தில் ஸ்பானிஷில் எண்ணுவது, காலையில் தேதி. இதற்குத் தனி நேரமே தேவையில்லை.

வகுப்பு உதவியாளரையும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்கார வைத்தோம். சின்னப் பள்ளியில் ஓர் ஆசிரியர் மகப்பேறு விடுப்பில் போனால் ஸ்பானிஷும் கூடவே போய்விடும். 30 வாக்கியத்தையும் ஸ்பானிஷ் தாய்மொழிக்காரர் ஒருவர் குரலில் தனித்தனிக் கோப்பாகப் பதிந்து, வாக்கியத்தையே கோப்பின் பெயராக வைத்து, பள்ளியின் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டோம். ஆசிரியரின் சொந்தக் கணினியில் வைத்தால் அவர் போகும்போது அதுவும் போய்விடும்.