இடது ஹப்

பிப்ரவரி 1, 2025, சனி

ஊறிப்போன மண்மேட்டில் இன்று வண்டி ஏறவில்லை. இறங்கி நின்று, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் இரண்டு ஹப்பையும் (சக்கரத்தை ஆக்ஸில் தண்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற பூட்டு) 'லாக்' பக்கம் திருப்பிவிட்டு, நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் ஃபோர் வீல் லோவில் போட்டு, நிதானமாகத்தான் ஏற்றினேன். பாதி மேட்டில் முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து டக், டக், டக் என்று பல் தாவுகிற சத்தம். அதற்கப்புறம் பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரம் இரண்டும் அசையாமல் நின்றன. ரிவர்ஸிலேயே மெதுவாக இறக்கிவிட்டேன்.

1989 மாடல் பிக்கப். பதினோரு வருடமாக என் கையில் இருக்கிறது. இந்தச் சத்தத்தை இதுவரை கேட்டதில்லை. ஆனால் கேட்டதும் ஹப்தான் என்று தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. எஞ்சின் அணைத்து, கியரில் விட்டு, ஃபோர் வீலும் போட்டாயிற்று. இப்போது முன் ஆக்ஸிலுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்ற முடியாது. இரண்டு ஹப்பும் ஒழுங்காகப் பிடித்திருந்தால், வலது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றும்போது இடது சக்கரம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் குணம் அது.

சுற்றினேன். இடது சக்கரம் கொஞ்சம் அசைந்தது, டக் என்றது, நின்றுவிட்டது.

டயல் இருக்கும் மூடியின் ஆறு சிறு போல்ட்டுகளைக் கழற்றினேன். சக்கரத்தையும் ஆக்ஸிலையும் பல்லோடு பல் கோத்துப் பிணைக்கும் கிளட்ச் வளையம் மூடியோடு சேர்ந்தே வந்துவிடும். உள்ளே ஆக்ஸிலின் முனை தெரியும். மகளை அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, வலது பக்கம் போய் மறுபடியும் சுற்றினேன்.

"அப்பா, இது எதிர்ப்பக்கமா சுத்துதுப்பா! ஆனா சக்கரம் சும்மா நிக்குது."

"அதேதாம்மா. அங்கேதான் விட்டுப்போகுது."

நேற்று மேட்டில் நடந்ததும் இதுதான். டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு பக்கம் தடையில்லாமல் சுற்றினால், மறுபக்கத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். இடது ஹப் வழுக்கியதால் நல்ல வலது சக்கரமும் வேலை செய்யவில்லை. ஒரு ஹப் போனால் பாதி பலம் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். முன்பக்க இழுவை முழுவதுமே போய்விடும்.

பிப்ரவரி 5, புதன்

வேலை நாள், வண்டியைத் தொடவில்லை. லாக்கிங் ஹப்பின் பூர்வீகத்தைக் கொஞ்சம் படித்தேன். ஆர்தர் வார்ன் என்ற அமெரிக்கர் 1948-இல் தொடங்கிய தொழில் அது. உலகப்போர் முடிந்து மிஞ்சிய ஜீப்புகளைச் சாதாரண ரோட்டில் ஓட்டும்போது முன் ஆக்ஸில் வீணாகச் சுற்றி, தேய்மானத்தையும் எரிபொருள் செலவையும் கூட்டியது. தேவையில்லாத நேரத்தில் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிட்டால் போதும் என்று யோசித்திருக்கிறார். எளிமையான யோசனை, ஆனால் எவ்வளவு அருமையானது! இன்றைக்கும் என் வண்டியில் இருப்பது அதே தத்துவம்தான்.

பிப்ரவரி 8, சனி

இன்று முழுவதும் பிரித்தேன்.

முதலில் ஆக்ஸில் முனையின் பள்ளத்தில் மாட்டியிருக்கும் சர்க்கிளிப் என்ற வளையக் கொக்கி. அப்புறம் ஹப் உடலைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகள். அவை எளிதாக வந்துவிட்டன. கஷ்டம் அதற்கு அடியில் இருக்கும் கோன் வாஷர்களில்தான். நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டைச் சுற்றி ஆப்பு மாதிரி இறுகி உட்கார்ந்திருக்கும் பிளவு வாஷர்கள் அவை. உளியால் நெம்பினால் ஹப்தான் காயப்படும். நட்டைத் திருப்பி மாட்டி, ஸ்டட்டின் நுனியோடு சமமாக வரும்வரை ஏற்றிக்கொள்ள வேண்டும், மரை நசுங்காமல் இருக்க. பிறகு பித்தளைச் சுத்தியலால் நுனியில் நேராக ஒரு அடி. நான்கு வாஷர்கள் அப்படியே துள்ளி எழுந்தன. மற்ற இரண்டுக்கும் துருநீக்கும் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்தேன்.

ஹப் உடலை இழுத்ததும் நான் முதலில் பார்த்தது கிரீஸை. மெழுகு மாதிரி இறுகி, பழுப்பேறி, உள்ளே இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்தவன் நான்தான். வண்டி வாங்கிய புதிதில், நிறைய வைத்தால் நல்லது என்று பேரிங்குக்கு வைக்கிற கெட்டி கிரீஸை அள்ளி அப்பியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹப்பின் உள்ளே மெல்லிய பூச்சு போதும். கிளட்ச் வளையத்தை உள்ளே தள்ளுவது ஒரு சிறிய ஸ்ப்ரிங்தான். இறுகின கிரீஸை எதிர்த்து அதனால் தள்ள முடியாது. டயல் 'லாக்' என்று காட்டும், வளையம் பாதி வழியில் நிற்கும்.

டீசலில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆக்ஸில் முனையில் உட்காரும் உள் ஹப்பின் ஒவ்வொரு பல்லிலும் வெளிநுனியில் மட்டும் ஒரு மூன்று மில்லிமீட்டருக்குப் பல் மழுங்கி, பழைய காசு மாதிரி வழவழவென்று பளபளத்தது. அதற்குப் பின்னால் இருந்த பகுதியில் விளிம்பு கூர்மையாக, கடைசல் கோடுகூட அழியாமல் இருந்தது. அந்த எல்லையை நகத்தால் தடவினாலே படி மாதிரி தட்டுகிறது. அதாவது இத்தனை வருடமும் வளையம் முழுதாக உள்ளே போகவே இல்லை. மூன்று மில்லிமீட்டர் பல்தான் மொத்த இழுவையையும் தாங்கியிருக்கிறது. அது எப்படி நிற்கும்?

நண்பர் ஒருவர் போனில், "வெல்டு வெச்சு அரத்துல ராவிடுங்க அண்ணே, ஓடும்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இந்தப் பற்கள் கடினப்படுத்தப்பட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். இன்னொரு மேட்டில் மறுபடியும் இதே கதைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிரீஸ் மட்டும்தான் காரணமா என்று ராத்திரி முழுவதும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வலது பக்கமும் அதே கையால், அதே கிரீஸ் வைத்ததுதானே? அதையும் திறந்தேன். கிரீஸ் அங்கேயும் இறுகியிருந்தது. பல் தேய்மானம் மட்டும் மிகக் குறைவு.

இடது பக்கம் திரும்பி வந்து, ஆக்ஸில் முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் ஆடியது. வலது பக்கத்தில் ஆட்டமே தெரியவில்லை.

சரி, அப்படியானால் உள்ளேதான் போக வேண்டும். லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, 54 மி.மீ. சாக்கெட் போட்டு பேரிங் நட்டுகளைக் கழற்றினேன். இந்த நட்டை உளி வைத்துத் தட்டிக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த சாக்கெட் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் வரும். பிரேக் காலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டு, சக்கர ஹப்பை எடுத்து, சக்கர ஹப் சுற்றுகிற குழாய் போன்ற ஸ்பிண்டிலை வெளியே இழுத்தேன். அதற்குள்ளே ஆக்ஸிலைத் தாங்கும் பித்தளை நிறப் புஷ், அடிப்பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை.

புஷ் தேய்ந்ததால் ஆக்ஸில் முனை தொங்கியிருக்கிறது. அது உள் ஹப்பையும் கூடவே சாய்த்திருக்கிறது. சாய்ந்த பல்லுக்குள் வளையம் எப்படி நேராக நுழையும்? புது ஹப்பை மட்டும் வாங்கி மாட்டியிருந்தால், ஓரிரு வருடத்தில் அதையும் தின்றிருக்கும்.

பிப்ரவரி 15, சனி

உதிரிகள் வந்தன. உள் ஹப்பும் கிளட்ச் வளையமும் ஜோடியாக, ஸ்ப்ரிங், புஷ், சீல்கள், கேஸ்கெட், புது சர்க்கிளிப். பழைய பல்லோடு புதுப் பல்லைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெடும், அதனால் ஜோடியாகவே வாங்கினேன். வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருந்தாலும் ஆக்ஸில் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்களான ஸ்ப்லைனின் எண்ணிக்கை வேறு வேறாக இருக்கும். என் ஆக்ஸிலில் 27. ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு, மகளும் நானும் தனித்தனியாக எண்ணிய பிறகுதான் ஆர்டர் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புஷ்ஷை நேராக அழுத்தி ஏற்றி, உள்ளே தாராளமாக கிரீஸ் தடவினேன். பேரிங் நட்டைச் சக்கர ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடியும் அளவாக இறுக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது, சுற்றினால் கனமாகவும் இருக்கக்கூடாது. லாக் வாஷரை மடித்தாயிற்று.

சர்க்கிளிப் மாட்டத் தனி வித்தை வேண்டும். ஆக்ஸில் உள்ளே நழுவிவிடுவதால் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. முனையில் இருக்கும் மரைத் துளையில் ஒரு 8 மி.மீ. போல்ட்டைத் திருகி, அதைப் பிடித்து இழுத்தால் பள்ளம் வெளியே வரும். மகள் இழுத்துப் பிடித்தாள், நான் மாட்டினேன். ஹப்புக்குள் இந்தத் தடவை விரல் நுனியால் மெல்லிய பூச்சு மட்டும். மூடியை 'ஃப்ரீ' நிலையில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். வலது பக்கத்தையும் கழுவி, அதே மாதிரி செய்து முடித்தேன்.

மறுபடியும் அதே சோதனை. வலது சக்கரத்தைச் சுற்றினேன். இடது பக்கம் டொக் என்று ஒரே ஒரு சத்தம், வளையம் உள்ளே விழுந்தது. சக்கரம் எதிர்ப்பக்கமாக ஒரே சீராகச் சுற்றியது.

பிப்ரவரி 22, சனி

அதே மேடு. இரண்டு நாள் மழையில் அன்றைக்கு இருந்ததைவிட மோசம். லோவில், ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதிக்காமல் ஏற்றினேன். நான்கு சக்கரமும் மண்ணைக் கடித்தன. மேலே போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது ஃபோர் வீலை மட்டும் எடுத்துவிட்டு, ஹப்பை லாக்கிலேயே விட்டு வந்தேன். டூ வீலில் ஹப் லாக்கில் இருந்தால் கெட்டுவிடும் என்பது வீண் பயம். மாதம் ஒருமுறை பதினைந்து கிலோமீட்டராவது இப்படி ஓட்டினால் முன் டிஃபரன்ஷியலுக்குள் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். காய்ந்த தரையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவதுதான் தவறு.

மார்ச் 1, சனி

நூறு கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கோன் வாஷர்கள் ஓட ஓடக் கொஞ்சம் அமரும் என்பதால் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்தேன். இடது பக்கம் ஒரு நட் மட்டும் கால் சுற்று வாங்கியது. மற்றவை அசையவில்லை.