மனையியல் ஆசிரியர் ஆக நினைக்கிறவங்களுக்கு

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்கு மனையியலில் முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் 150 மதிப்பெண்: பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 வாங்காவிட்டால் மெயின் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பலர் அலட்சியமாக விடுவது இதைத்தான்.

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளியில் இருப்பீர்கள். சமையலை எப்படியும் சமாளித்துவிடலாம். சொதப்புவது தையல் வகுப்பில்தான். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஹெம்மிங் (ஓரத்தை மடித்துத் தைப்பது) போட்டுக் காட்டினால் இரண்டாவது பெஞ்சுக்கே தெரியாது. கோணித் துண்டை அட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கோணி ஊசியில் சிவப்பு உல்லன் நூல் கோத்துத் தைத்துக் காட்டுங்கள். முன்பக்கம் காட்டியதும் திருப்பிப் பின்பக்கமும் காட்ட வேண்டும். ஹெம்மிங்கில் விஷயமே முன்பக்கம் தையல் துளிதான் தெரியணும் என்பது. பிள்ளைகளுக்கு நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டித் தராதீர்கள். நீளம் கூடினால் முறுக்கிச் சிக்கு விழும், பாதி பீரியட் அதைப் பிரிப்பதிலேயே போகும். ஊசிகளை எண்ணிக் கொடுத்து, மணி அடிக்கும் முன் எண்ணி வாங்குங்கள்.

செயல்முறைக்கு இரட்டை பீரியட் கேட்டு வாங்கிவிடுங்கள், ஒற்றை பீரியட் பத்தவே பத்தாது.